மூன்றாம் கால்

டிராக்டரைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அதன் பின் சக்கரங்களையே பார்க்கின்றனர். விலை பேச வருகிறவர் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம் என்று விரல் வைத்து அளப்பார். கலப்பையைத் தூக்கி இறக்கச் சொல்வார். முன்பக்கத்தில், எஞ்சினுக்குக் கீழே, சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்பிக் கிடக்கும் ஓர் இரும்புத் துண்டைக் குனிந்து பார்ப்பவர் அரிது. வண்டியின் மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தத் துண்டின் மீதுதான் அமர்ந்திருக்கிறது.

பட்டறைகளில் அதற்குச் சென்டர் பின் என்று பெயர். முன் ஆக்சில் என்னும் குறுக்கு உத்திரத்தின் நடுவில் ஒரு துளை இருக்கிறது. எஞ்சினுக்கு முன்னால் நிற்கும் தாங்கியில், முன்னும் பின்னுமாக, இன்னும் இரண்டு துளைகள். மூன்றையும் கோத்துக்கொண்டு இந்தப் பின் நிற்கிறது. உத்திரத்தின் துளைக்குள், பின்னைச் சுற்றி, தடித்த வளையலைப் போல ஓர் உலோகக் குழல் இறுக்கிச் செருகப்பட்டிருக்கும். அதுதான் புஷ். அமைப்பு வண்டிக்கு வண்டி மாறும்; சிலவற்றில் நீளமான ஒரே புஷ், சிலவற்றில் இரண்டு. நோக்கம் எல்லாவற்றிலும் ஒன்றே: தேய்மானம் வந்தால் புஷ்ஷுக்கு வரட்டும், உத்திரத்துக்கு வரக் கூடாது. சில நூறு ரூபாய்ப் பொருள் தன்னைத் தேய்த்துக்கொண்டு பல ஆயிரம் ரூபாய்ப் பொருளைக் காக்கும் ஏற்பாடு அது.

முன் ஆக்சிலை அசையாமல் முடுக்கிவிட்டால் என்ன, எதற்காக இந்தப் பின்னும் புஷ்ஷும் என்று என் தங்கை மகன் ஒருநாள் கேட்டான். நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மூன்று கல் வைத்து மூட்டிய அடுப்பு எந்த மேடுபள்ளத்திலும் ஆடாது. நான்கு கால் முக்காலி என்று சொல்ல முடியாத அந்த ஸ்டூலைக் கொல்லைப்புறத்து மண் தரையில் போட்டுப் பாருங்கள், ஒரு கால் எப்போதும் அந்தரத்தில் நிற்கும். நான்கு சக்கரம் உள்ள வண்டிக்கும் வரப்பைத் தாண்டும்போது அதே கதிதான். கார்களுக்கும் லாரிகளுக்கும் சக்கரத்தின் மேல் வில்லோ சுருளோ இருந்து மேடுபள்ளத்தை வாங்கிக்கொள்ளும். பழைய டிராக்டர்களில் அந்த வசதி இல்லை. ஆகவே, ஏற்றக்காலின் மேல் துலா ஏறி இறங்குவதைப் போல, முன் உத்திரம் நடுப் பின்னின் மேல் ஏறி இறங்கும்படி செய்தார்கள். இடது முன் சக்கரம் வரப்பில் ஏறும். வலது சக்கரம் சேற்றிலேயே இருக்கும். வண்டியின் உடல் சாயாமல் போகும்.

எனவே கணக்குப் பார்த்தால் டிராக்டர் தரையில் நிற்பது நான்கு கால்களில் அன்று. பின் சக்கரங்கள் இரண்டு கால். சென்டர் பின் மூன்றாம் கால். இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. வண்டி பக்கவாட்டில் சாயத் தொடங்கினால், உத்திரம் தன் எல்லைத் தடுப்பில் போய் முட்டும்வரை முன் சக்கரங்கள் அதைத் தாங்கிப் பிடிப்பதில்லை. முக்கோணத்தின் முனை ஆற்றங்கரையின் விளிம்புக்குப் பக்கத்தில் போனால் என்ன நேரும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊர் முத்துப்பேட்டை வட்டாரம். காவிரியின் கடைமடை. பாமணியாறும் கோரையாறும் கடலை நோக்கிப் போகும் வழி. இந்தப் பகுதியில் வண்டிப் பாதைகள் பல ஆற்றுக் கரையின் மேலேயே செல்கின்றன. ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் வயல், நடுவில் ஒரு வண்டி போகும் அகலம். மர்ஹூம் வாப்பா அவர்கள் மலேசியாவில் சம்பாதித்த பணத்தில், ஒருவரிடமிருந்து கைமாற்றாக வாங்கிய 35 குதிரைத்திறன் வண்டி எங்களுடையது. 1984ஆம் ஆண்டின் வண்டி. 1959இல் ஃபரிதாபாத்தில் ஐஷர் நிறுவனமும், அதற்கடுத்த ஆண்டில் தொடங்கிய சென்னையின் டாஃபே நிறுவனமும் நம் நாட்டில் டிராக்டர் செய்ய ஆரம்பித்த காலத்திலிருந்து வழிவழியாக வந்த எளிய அமைப்பு அது. திறந்து பார்த்தால் புரியும், கையால் கழற்றலாம், உள்ளூர் லேத்துப் பட்டறையில் உறுப்புக் கடைந்து போடலாம். இந்த மூன்று காரணங்களுக்காகவே நாற்பது வயது வண்டிகள் நம் கிராமங்களில் இன்னும் உழுகின்றன.

அந்த வண்டியை முப்பது ஆண்டுகளாக ஓட்டுபவர் பக்கத்துக் கிராமத்து அண்ணன் ஒருவர். நான் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது என்னை மட்கார்டில் உட்கார வைத்து ஊர் சுற்றிக் காட்டியவர். இப்போது அறுபதை நெருங்குகிறார். அதிகம் பேச மாட்டார். 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில், அறுவடை நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகும் நாளில், டிரெய்லரில் மூட்டைகளை ஏற்றி முடித்த பிறகு அவர் வண்டியில் ஏறவில்லை. திண்ணைக்கு வந்து உம்மாவிடம் நேராகச் சொன்னார்.

"அம்மா, வயலில் எவ்வளவு வேண்டுமானாலும் உழுகிறேன். பாரம் ஏற்றி ஆற்றங்கரையில் இனி ஓட்ட மாட்டேன். ஸ்டியரிங்கை நான் ஒன்று சொன்னால் முன் சக்கரம் ஒன்று யோசித்துவிட்டுத்தான் கேட்கிறது."

முப்பது வருடத்தில் அவர் முடியாது என்று சொன்னது அதுவே முதல் தடவை. உம்மா மறு பேச்சுப் பேசவில்லை. மூட்டைகளை வாடகை வண்டியில் ஏற்றி அனுப்பினோம்.

வண்டி நின்றுபோயிருந்தால் யாருக்கும் யோசனையே தேவைப்பட்டிருக்காது. எஞ்சின் சாவி திருகியவுடன் கிளம்பியது, கலப்பை தூக்கியது, உழவு சரியாக நடந்தது. இந்தப் புஷ்ஷின் தேய்மானம் அப்படிப்பட்டது. ஒருநாளும் வண்டியை நிறுத்தாது. வரப்பு ஏறி இறங்கும்போது முன்னால் 'டொக்' என்று ஒரு சத்தம், முன் டயரின் ஒரு ஓரம் மட்டும் சீக்கிரம் வழுக்கையாவது, நேர் சாலையில் வண்டி மெல்ல இடம் வலம் அலைவது, இவ்வளவுதான் அடையாளங்கள். வெளியில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு கைகளுக்கு மட்டுமே தெரியும். அதனால்தான் ஓட்டுபவன் சொல்லை வண்டிக்காரர்கள் கேட்க வேண்டும் என்கிறேன். அவனுடைய உள்ளங்கையைவிட நுட்பமான அளவுகோல் எந்தப் பட்டறையிலும் இல்லை.

தேய்மானம் சிறியது, விளைவு பெரியது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. புஷ்ஷின் நீளம் 150 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் பின் 2 மில்லிமீட்டர் தளர்ந்திருக்கிறது. நடுவிலிருந்து சக்கரம் 650 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. இரண்டை 150ஆல் வகுத்து 650ஆல் பெருக்கினால், சக்கரம் இருக்கும் இடத்தில் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் முன்னும் பின்னும் ஆக்சில் நகர இடம் கிடைக்கிறது. ஆக்சிலைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் நீளத் தண்டுகள் உள்ள வண்டிகளில் இந்த ஆட்டம் குறையும். எங்கள் வண்டியில் அவை கிடையாது. இந்தச் சாலையில் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஆலோசனை நடந்தது. துபாயில் இருக்கும் தம்பி, விற்றுவிட்டுப் புதிது வாங்கலாம் என்றான். புதிய வண்டிக்குப் பல லட்சம் வேண்டும்; வட்டிக் கடன் எங்கள் வீட்டில் பேச்சுக்கே இடமில்லாத காரியம். விற்பதானாலும் வண்டி வாப்பாவின் சொத்து. உம்மாவுக்கும் எங்கள் ராத்தாவுக்கும் தங்கைக்கும் அதில் பங்கு உண்டு. தரகர் ஒருவர் வந்தார். அவர் எஞ்சினைத் தொடவில்லை. நேராக முன் சக்கரத்தருகே போய்க் காலால் ஓங்கி ஒரு உதை உதைத்தார். ஆக்சில் குலுங்கியதைக் காட்டி, பழைய இரும்பு விலைக்குச் சற்று மேலே ஒரு தொகை சொன்னார். அரிதினும் அரிதான அந்த ஒருவர் அவர்தான் போலும்! ராத்தா அன்று பெண்கள் பக்கத்திலிருந்து சொன்னதுதான் முடிவாயிற்று: "என் பங்கைக் குறைத்து விற்க அந்த ஆட்டம் காரணம் என்றால், முதலில் ஆட்டத்தை நிறுத்துங்கள். பிறகு விற்பதா வேண்டாமா என்று பேசலாம்."

அந்த ஆண்டு மேட்டூர் அணையில் தண்ணீர் போதாமல் வழக்கமான ஜூன் 12ஆம் நாள் திறப்பு நடக்கவில்லை. டெல்டா முழுவதும் கவலையோடு இருந்த அந்த நாட்களில் எங்கள் வண்டிக்கு மட்டும் ஓய்வு கிடைத்தது. ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 17இல் முடிந்தது. ஜூலை முதல் வாரத்தில், சிமெண்டுக் களத்தில் வண்டியை நிறுத்தி வேலையைத் தொடங்கினோம். மெக்கானிக் எனக்கு மாமு முறை. கை சுத்தம், வாய் நீளம்.

முதலில் நோயைப் பிரித்தறிய வேண்டும் என்றார். முன் சக்கரம் ஆடுவதற்குச் சென்டர் புஷ் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஜாக்கியை ஆக்சிலுக்கு அடியில் வைக்காமல், எஞ்சினின் முன் தாங்கிக்கு அடியில் வைத்துத் தூக்கினார். சக்கரங்கள் இரண்டும் தொங்கின. சக்கரத்தின் மேல்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் பிடித்து அசைத்தார். அதில் ஆட்டம் தெரிந்தால் கிங் பின்னோ சக்கரத்துப் பேரிங்கோ காரணம். இடது வலதாகப் பிடித்து அசைத்தார். அது டை ராடு முனைகளுக்கான சோதனை. கடைசியாகக் கடப்பாரையை உத்திரத்துக்கும் தாங்கிக்கும் இடையில் கொடுத்து நெம்பினார். உத்திரம் பின்னோடு சேர்ந்து நிற்காமல் மேலே எழும்பித் 'டொக்' என்று விழுந்தது. வரப்பில் நாங்கள் கேட்ட அதே சத்தம். டிரைவர் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் நகர முடியாது. வீட்டில் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். சென்டர் பின்னைக் கழற்றும் கணத்தில் வண்டியின் முன்பாதி எதன் மேலும் நிற்பதில்லை. ஜாக்கி தூக்குவதற்குரியது, தாங்குவதற்குரியதன்று. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கைப் பிரேக் போட்டு, முன் தாங்கிக்கு அடியில் பழைய புளியங்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன் மேல் வண்டியை இறக்கி உட்கார வைத்த பிறகே மாமு அடியில் கை நீட்டினார். ஆக்சிலுக்குத் தனியாக முட்டுக் கொடுத்தார். பிள்ளைகளைக் களத்துக்குள் விடவில்லை.

பின் லேசில் வரவில்லை. அதைப் பூட்டியிருந்த போல்ட் துருவேறிக் கல்லாகியிருந்தது. இரவு முழுவதும் டீசலில் ஊறவிட்டு, மறுநாள் பித்தளைத் துண்டை முட்டுக் கொடுத்துச் சம்மட்டியால் தட்டியதும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. ஸ்டியரிங் தண்டைக் கழற்றிவிட்டு ஆக்சிலைச் சக்கரங்களோடு, கைவண்டியைத் தள்ளுவது போல இருவராக வெளியே தள்ளினோம்.

பழைய புஷ்ஷை ரம்பப் பிளேடால் உள்பக்கமாக, உத்திரத்தில் கீறல் விழாமல், அறுத்து மடக்கி எடுத்தார். கையில் வாங்கிப் பார்த்தேன். மேல்பாதி ஏறக்குறையப் புதிதுபோலத் தடிப்பாக இருந்தது. கீழ்ப்பாதி காகிதம்போல் மெலிந்து, ஒரு முனையில் கிழிந்தே போயிருந்தது. பாரம் எப்போதும் கீழ்நோக்கி அழுத்துவதால் தேய்மானம் கீழ்ப்பக்கமே விழுகிறது. பின்னின் அடிப்பக்கத்திலும் விரல் நகம் தட்டுப்படும் அளவுக்குப் படிக்கட்டு விழுந்திருந்தது.

இதற்கு வயது மட்டும் காரணமன்று. கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு போல்ட் முடுக்கப்பட்டிருந்தது! எப்போதோ நிப்பிள் உடைந்திருக்க வேண்டும். ஏதோ ஒரு பட்டறையில் ஓட்டை தெரியாமல் போல்ட்டை வைத்து அடைத்து, மேலே பெயிண்டும் அடித்திருக்கிறார்கள். அதன் பிறகு பல ஆண்டுகள் அந்தப் புஷ்ஷுக்குள் கிரீஸ் போகவே இல்லை. சேற்றுழவில் முன் ஆக்சில் சேற்றுத் தண்ணீரில் மூழ்கி எழுகிறது. உள்ளே கிரீஸ் நிரம்பியிருந்தால் சேறு நுழையாது. நுழைந்தாலும் அடுத்த முறை ஏற்றும் புது கிரீஸ் அதை வெளியே தள்ளிவிடும். கிரீஸ் இல்லாத இடத்தில் மணலும் சேறும் சேர்ந்து சாணைக்கல்லின் வேலையைச் செய்கின்றன. ஒவ்வொரு வரப்புக்கும் ஒரு இழைப்பு.

கடையில் புதிய புஷ் வாங்கி வந்தோம். உத்திரத்தின் துளையில் வைத்ததும் அது கை அழுத்தத்துக்கே வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. மாமுவின் முகம் மாறியது. இறுக்கிச் செருக வேண்டிய பொருள் வழுக்கினால், அந்தத் துளையை முன்பு யாரோ பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். உடன் வேலை செய்த பையன் ஒரு யோசனை சொன்னான்: மெல்லிய தகரத்தைச் சுற்றி அடித்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. இப்படித் தகரம் சுற்றிய புஷ்கள் நம் பக்கத்தில் எத்தனையோ வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. சில மாதங்களில் தகரம் நொறுங்கி, புஷ் சுழலத் தொடங்கி, உத்திரத்தின் துளையையே முட்டை வடிவத்தில் தின்றுவிடும். பிறகு துளையை வெல்டிங்கில் நிரப்பிக் கடைய வேண்டும். அதற்குரிய பெரிய எந்திரம் எல்லா ஊரிலும் இல்லை. மாமு அந்தப் பையனைத் திட்டவில்லை, "உன் வாப்பா இந்த வண்டியில் உட்கார்ந்து போவார் என்றால் தகரம் சுற்றுவாயா?" என்று மட்டும் கேட்டார்.

துளையை மேலும் கீழுமாகவும் இடது வலதாகவும் அளந்தார். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தன; அல்ஹம்துலில்லாஹ், துளை வட்டமாகவே இருந்தது. அளவுச் சீட்டோடு லேத்துப் பட்டறைக்குப் போனோம். செம்பும் வெள்ளீயமும் துத்தநாகமும் கலந்த கன்மெட்டல் உருளையிலிருந்து புஷ்ஷைக் கடைந்தார்கள். வெளி அளவு துளையைவிட ஒரு தலைமுடிப் பருமன் கூடுதல். உள் அளவு வேண்டியதைவிடச் சற்றுக் குறைவு. இறுக்கிச் செருகும்போது புஷ் ஒடுங்கும் என்பதால், உள் அளவைக் கடைசியில் சீவிச் சரிசெய்வதே முறை. உள்ளே கிரீஸ் ஓட ஒரு வாய்க்கால் வெட்டி, நிப்பிளுக்கு நேராக ஒரு துளையும் போட்டார்கள். பின்னையும் புதிதாகக் கடைந்து கடினப்படுத்தி வாங்கினோம். பழைய பின்னைப் புதிய புஷ்ஷில் போடுவது, பழைய சாந்தில் புதுக் கல் கட்டுவது போலத்தான்.

அன்று இரவு மாமு புஷ்ஷைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில், மேலே உறையும் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். குளிர்ந்தால் உலோகம் சற்றே சுருங்கும், செருகுவது எளிதாகும். அந்தத் தட்டில் குர்பானி இறைச்சி மிச்சமிருந்தது. ஸுபுஹுத் தொழுகைக்கு எழுந்த உம்மா தண்ணீர் எடுக்கத் திறந்து பார்த்துவிட்டு, "இறைச்சிக்குப் பக்கத்தில் டிராக்டரை வைத்த வீடு இது ஒன்றாகத்தான் இருக்கும்" என்று கத்தியது தெருவுக்கே கேட்டது. மாமு வந்ததும் தேநீர் தர மறுத்துவிட்டார்.

சில்லென்றிருந்த புஷ்ஷைச் சம்மட்டியால் அடித்து ஏற்றவில்லை. கன்மெட்டல் அடி தாங்காமல் விளிம்பு மடங்கும். நீளமான ஒரு போல்ட்டைத் துளைக்குள் விட்டு, இருபுறமும் தடித்த வாஷர் போட்டு, நட்டை இறுக்க இறுக்கப் புஷ் அரையங்குலம் அரையங்குலமாக உள்ளே போயிற்று. கிரீஸ் துளைகள் இரண்டும் நேர்கோட்டில் வர முன்னதாகவே கோடு கிழித்து வைத்திருந்தார். இந்த ஒரு காரியத்தில் கவனம் தவறினால், புதுப் புஷ்ஷும் பழைய புஷ்ஷின் வழியே போகும். பிறகு உள்பக்கத்தைச் சீவி, பின் கை அழுத்தத்தில் நுழைந்து, ஆனால் ஆடாமல் நிற்கும் அளவுக்குக் கொண்டுவந்தார். ஆக்சிலைத் தள்ளி வந்து, வாஷர்களோடு பின்னைக் கோத்து, போல்ட்டைப் பூட்டி, புதிய நிப்பிள் போட்டு, கிரீஸ் இருபுறமும் பிதுங்கி வரும்வரை ஏற்றினார். இறுதியாக முன் சக்கரங்களுக்கு இடையே முன்புற அகலத்தையும் பின்புற அகலத்தையும் டேப்பால் அளந்து, முன்புறம் சற்றே குறைவாக இருக்கும்படி டை ராடைத் திருகிச் சரிசெய்தார். எல்லாம் சேர்ந்து 5,200 ரூபாய் ஆயிற்று.

அஸருக்குப் பின் டிரைவர் அண்ணன் வெறும் வண்டியை ஆற்றங்கரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் அரை டிரெய்லர் எரு ஏற்றி ஓட்டினார். மூன்றாம் நாள் முழுப் பாரம். ஒவ்வொரு தடவையும் களத்துக்கு வந்ததும் இறங்கிக் குனிந்து ஆக்சிலைத் தொட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் மாலை உம்மாவிடம், "இனி கரையில் போகலாம் அம்மா" என்று மட்டும் சொன்னார். ஜூலை 28இல் மேட்டூர் திறந்தது. எங்கள் மடைக்குத் தண்ணீர் வந்ததும் சேற்றுழவு நடந்தது. சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு எங்கள் வண்டியே கொண்டுபோயிற்று. விற்பது பற்றி ராத்தா அதன் பிறகு பேச்செடுக்கவில்லை. தரகர் மட்டும் இரண்டு தடவை வந்து, முன்னைவிடக் கூடுதலான தொகை சொல்லிப் போனார்.

சேற்றுழவுக் காலத்தில் நாள்தோறும், மற்ற நாட்களில் வாரம் ஒருமுறை கிரீஸ் ஏற்றும் பொறுப்பை, ஆக்சிலைப் பற்றிக் கேள்வி கேட்ட தங்கை மகனிடமே கொடுத்திருக்கிறோம். சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் கரிக்கோடு போட்டுக் கணக்கு வைக்கிறான். இப்போது இடது சக்கரத்தின் கிங் பின் லேசாக ஆடுவதாக டிரைவர் அண்ணன் சொல்கிறார். இந்த அறுவடை முடிந்ததும், இன்ஷா அல்லாஹ், புளியங்கட்டைகளை மறுபடி களத்துக்குக் கொண்டுவர வேண்டும்.